நூற்றுக்குப் பதினைந்து

1971க்கு முந்தைய இந்தியாவில் ஆண்டுதோறும் 39 லட்சம் பெண்கள் சட்டத்துக்கு மறைவாகக் கருவைக் கலைத்தார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தின் வரலாற்றைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது பக்கத்திலாவது இந்த எண் வந்துவிடும். மும்பை மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் எஸ். சந்திரசேகர் எழுதிய ‘அபார்ஷன் இன் எ கிரவுடட் வேர்ல்ட்’ கிடைத்த பிறகுதான் நான் இந்த எண்ணைத் துரத்தத் தொடங்கினேன். 1974இல் அமெரிக்காவில் அச்சான புத்தகம். சந்திரசேகர் மக்கள்தொகை அறிஞர். 1967க்குப் பின் மத்திய அமைச்சரவையில் குடும்பக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தவர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கருக்கலைப்பு மசோதா 1969இல் மாநிலங்களவைக்கு வந்த காலத்தை உள்ளிருந்து பார்த்த மனிதர்.

அவர் புத்தகத்தை மூடிவைத்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. 39 லட்சத்தை யார் எண்ணினார்கள்? இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்த நாளிலிருந்து, தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் ஒழிய, கருவைக் கலைப்பது குற்றம். பிரிவு 312: மூன்று ஆண்டு சிறை, வயிற்றில் சிசு அசையத் தொடங்கிவிட்டால் ஏழு ஆண்டு. கலைத்தவருக்கு மட்டுமல்ல, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதே தண்டனை என்று விளக்கக் குறிப்பு சொன்னது. இப்படிப்பட்ட குற்றத்தைச் செய்தவர் யாரும் தாமே வந்து கணக்கில் எழுதிவிட்டுப் போகமாட்டார். அப்படியானால் எண்ணியது காவல் துறையாக இருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும்.

காவல் துறையிலிருந்து தொடங்கினேன். காலா கோடாவில் எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இருக்கிறது மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகம். வெள்ளை நாடா போட்டுக் கட்டிய கட்டுகள் மேசைக்கு வரும். பிரித்துப் பார்த்துவிட்டு அதே முடிச்சைப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். பழைய குற்றப் பட்டியல்களில் கொலைக்குத் தனி வரிசை, கொள்ளைக்குத் தனி வரிசை. கருக்கலைப்பைத் தேடிப் போகிற கண் ‘குழந்தையைக் கைவிடுதல், பிறப்பை மறைத்தல்’ என்ற வரிசையில் போய் நின்றுவிடுகிறது. பிரிவு 317, பிரிவு 318. அதாவது, எங்கோ ஒரு சாக்கடையோரத்தில் சின்ன உடல் ஒன்று கிடைத்து, அது யாருடையது என்று போலீஸ் தேடிய கதைகள்.

காரணத்தைக் காட்டும் தடயம் பின்னாளைய ஒரு சட்டத்தில் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணை யாரும் ஆசையோடு படிக்கிற பக்கம் கிடையாது. எந்தக் குற்றத்துக்குப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், எதற்கு முடியாது என்று நெடுக அடுக்கியிருப்பார்கள். 1973 சட்டத்தின் அந்த அட்டவணையில் பிரிவு 312க்கு எதிரே, வாரண்ட் வேண்டும், ஜாமீன் உண்டு என்று இருந்தது. நீதிபதியின் உத்தரவு இல்லாமல் காவல் நிலையம் விசாரணையைக்கூடத் தொடங்க முடியாது. பிரிவு 313க்கும் 314க்கும் இந்தத் தடை இருக்கவில்லை. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைத்தால் 313. கலைக்கப்போய் அவள் இறந்துபோனால் 314. எனவே சம்மதத்தோடு கலைத்து, உயிரோடு வீடு திரும்பிய பெண்ணை நோக்கிப் போலீஸ் தானாக நடந்து வர வழியில்லை. அவள் செத்தால் வழி திறக்கும்.

தாராவி 90 ஃபீட் ரோட்டுப் பக்கம், திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த ஓர் ஆச்சியிடம் இதைக் கேட்டேன். அவருடைய அம்மா அந்தப் பகுதியில் பேறுகாலம் பார்த்தவர். “போலீசா? ஆள் செத்தாத்தான் தாயி வருவான். பொழைச்சிட்டா அது அந்தப் பிள்ளைக்கும் எங்க அம்மைக்கும் உள்ள சங்கதி. மூணாவது காதுக்குப் போவாது” என்றார். அட்டவணையின் ஒரு வரிசையை அதைவிடச் சுருக்கமாக எந்த வழக்கறிஞரும் எனக்குச் சொல்லவில்லை. கருவைக் கலைக்க வைக்கும் எருக்கங்குச்சியைப் பற்றியும் அவரேதான் சொன்னார். அதனால் யார் யார் செத்துப்போனார்கள் என்பதையும் சொன்னார். அந்தப் பெயர்களை நான் எழுதிக்கொள்ளவில்லை.

ஆனாலும் சில பெண்கள் சாகாமலே நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறார்கள். 1886இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த ஆதெம்மா வழக்கு சட்டத் தொகுப்புகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதக் கர்ப்பம். கலைக்க முயன்றதாக வழக்கு. ஒரு மாதத்தில் சிசு என்று சொல்ல எதுவுமே இல்லையே என்று செஷன்ஸ் நீதிபதி அவளை விடுவித்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருத்தரித்த கணத்திலிருந்தே அதைக் காப்பது தாயாகப் போகிறவளின் கடமை என்றது. சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பை அந்தக் கடமைக்காகப் படிப்பார்கள். எனக்கு அந்த ஒரு மாதம்தான் உறுத்தியது. ஒரு மாதக் கர்ப்பம் வெளியே தெரியாது. அந்தக் காலத்தில் சோதித்துச் சொல்லவும் வழியில்லை. அவளுக்குத் தெரியும், அவளுக்கு மிக நெருங்கிய ஒருவருக்குத் தெரியும். அந்த நெருங்கிய ஒருவர் வாய் திறக்காமல் அந்தச் செய்தி அரசின் காதுக்கு எட்டியிருக்கவே முடியாது. இந்தச் சட்டத்துக்குக் கண்ணும் காதும் காவல் துறையில் இல்லை. வீட்டுக்குள்ளும் பக்கத்து வீட்டிலும்தான் இருந்தன.

பம்பாய் மாகாணத்தில் 1881இல் சூரத் விஜயலட்சுமியின் வழக்கு நடந்தது. இளம் பிராமண விதவை. பிறந்த குழந்தையைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு என்றது. பம்பாயில் அது நாடுகடத்தலாகி, பிறகு ஐந்தாண்டுச் சிறையாகக் குறைந்தது. அந்த வழக்கைச் சாக்கிட்டுப் பெண்களை ஏசிய பத்திரிகைகளுக்குப் பதிலாகத்தான் தாராபாய் ஷிண்டே 1882இல் ‘ஸ்த்ரீ புருஷ் துலனா’ எழுதினார். அதற்கும் முன்பு, 1863இல், ஜோதிராவ் ஃபுலே புனேயில் தன் வீட்டிலேயே விதவைகள் வந்து பிள்ளை பெற்றுப் போக இடம் கொடுத்திருந்தார். விதவை மறுமணம் செய்யக் கூடாது, கர்ப்பமாகவும் கூடாது, கலைக்கவும் கூடாது, பெற்றால் வளர்க்கவும் முடியாது என்ற பூட்டுக்குள் அவளை அடைத்தவர்களில் ஒருவர் பெயர்கூட வழக்குக் கட்டில் குற்றவாளியாக ஏறவில்லை.

ஆக, போலீஸ் தாள்களில் இருப்பது சாவும் கோள்மூட்டலும். அவற்றைக் கூட்டினால் 39 லட்சம் வராது, 39 ஆயிரமும் வராது.

அடுத்து ஆஸ்பத்திரி. தாராவிக்கு ஆஸ்பத்திரி என்றால் சயான்தான். 1947இல் ராணுவக் கொட்டகைகளில் தொடங்கிய லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை. ஆனால் நகரின் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் 1972க்கு முந்தைய கேஸ் ஷீட்டில் உண்மையை எதிர்பார்க்க முடியாது என்பதைச் செம்பூரில் ஓய்வாக இருக்கும் ஒரு நர்ஸ் அம்மா எனக்கு விளக்கினார். மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் இளவயதில் வேலைக்குச் சேர்ந்தவர். “ரத்தப்போக்கோட, காய்ச்சலோட வருவாங்க. ‘தானாகக் கலைந்தது’ன்னுதான் எழுதுவோம். டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளதை எழுதினா கட்டில் பக்கத்துல போலீஸ்காரன் ஸ்டூலைப் போட்டு உக்காந்துருவான். அப்புறம் அடுத்தவ ஆஸ்பத்திரிக்கே வரமாட்டா, வீட்டிலேயே செத்துப்போவா.” பொய் எழுதிய அந்தக் கையைப் பற்றி எனக்கு மரியாதை மட்டுமே இருக்கிறது. ஆனால் அந்தத் தாளிலிருந்து எந்த ஆய்வாளரும் எண்ணிக்கை எடுக்க முடியாது.

சட்டம் வந்த பிறகோ தாள்கள் ஒழுங்காக இருக்கின்றன, ஆனால் அவற்றைத் திறக்கக் கூடாது. 1971 சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறைகளின்படி, கருக்கலைப்புக்காகச் சேர்க்கப்பட்ட பெண்ணின் பெயர் ஒரே ஒரு பதிவேட்டில்தான் இருக்கும். அது ரகசிய ஆவணம். மற்ற எல்லாத் தாளிலும் வரிசை எண் மட்டும். ஐந்தாண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம். ஆவணக் காப்பகத்தில் வாழ்கிறவள் நான். எந்தத் தாள் அழிந்தாலும் வயிறு பிசையும். இந்த ஒன்று அழியட்டும் என்று மனதார நினைக்கிறேன். மாதுங்காவிலிருந்து வந்த கல்லூரிப் பெண்ணோ தாராவியிலிருந்து வந்த நான்கு பிள்ளைத் தாயோ, ஐம்பது வருடம் கழித்து என்னைப் போல ஒருத்தி தன் பெயரைப் படிப்பாள் என்ற பயம் இல்லாமல் வந்து போக வேண்டும்.

போலீஸும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. மிச்சம் இருந்தது அந்த எண்ணை முதலில் அச்சிட்ட அறிக்கை.

1964இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் சாந்திலால் ஷா, மகாராஷ்டிராவின் சுகாதார அமைச்சர். கருக்கலைப்பை எந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்று சட்டம், மருத்துவம், சமயம், சமூகம் எல்லாப் பக்கமும் ஆராய்ந்து 1966 டிசம்பர் இறுதியில் அறிக்கை கொடுத்தார்கள். மக்கள்தொகையைக் குறைக்கத்தான் இந்தச் சட்டம் வந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். குழு அதற்கு நேர் மாறாக எழுதியிருக்கிறது: பிறப்பைக் குறைக்கும் நோக்கத்தில் கருக்கலைப்பை அனுமதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, கருத்தடைப் பழக்கத்தையே கெடுத்துவிடும் என்று. அவர்களை உறுத்தியது, அரைகுறைக் கைகளில் செத்துக்கொண்டிருந்த பெண்கள்.

நான் தேடியது அங்கே, தேவ்னாரில் ஒரு நூலகத்தின் மூலையில், சில வரிகளில் இருந்தது. நூறு கர்ப்பம் என்று வைத்துக்கொள்வோம் என்கிறது குழு. அதில் 73 உயிரோடு பிறக்கும். 2 இறந்து பிறக்கும். மிச்சம் 25 கலையும். அந்த 25இல் 10 தானாகக் கலைவது, 15 கலைக்கப்படுவது. நாட்டின் மக்கள்தொகை 50 கோடி என்று கொண்டால், ஆண்டுக்கு 65 லட்சம் கருக்கள் கலைகின்றன: 26 லட்சம் தானாக, 39 லட்சம் கலைக்கப்பட்டு.

பென்சிலை எடுத்து ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். 50 கோடி மக்கள், ஆயிரத்துக்கு 38 பிறப்பு என்றால் ஆண்டுக்கு 1 கோடியே 90 லட்சம் குழந்தைகள். அதை 73ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 39 லட்சத்து 4 ஆயிரம். பெருக்குவதை 10 ஆக்கினால் 26 லட்சம். எண் அப்படியே வந்து உட்கார்ந்தது. யாரும் எண்ணவில்லை. நூற்றுக்குப் பதினைந்து என்று ஒரு குழு அனுமானித்தது; மிச்சத்தைப் பெருக்கல் செய்தது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அனுமானம் என்று சொல்லித்தான் எழுதினார்கள். நூற்றாண்டுக்கு மேல் ஒரு குற்றத்தைச் சட்டப் புத்தகத்தில் வைத்திருந்த அரசிடம் அந்தக் குற்றத்தைப் பற்றி ஒரு கணக்கும் இல்லாதபோது, பொறுப்புள்ள ஒரு குழு வேறென்ன செய்யும்? தண்டிக்கத் தெரிந்த சட்டத்துக்கு எண்ணத் தெரியவில்லை. அந்தக் கைவிரிப்பே அறிக்கையின் பலமான வாதம் என்று நினைக்கிறேன். 39 லட்சம் குற்றவாளிகள் இருக்கிறார்கள், அவர்களில் எவரையும் பிடிக்க நமக்கு மனமும் இல்லை வழியும் இல்லை என்றால், அந்தச் சட்டம் யாரைத் தொடுகிறது? கொல்லைப்புறத்தில் செத்தவளையும், கோள் சொல்லப்பட்டவளையும். பணம் உள்ளவள் டாக்டரிடம் போய்விட்டு மாலையில் வீடு திரும்பினாள்.

1971 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 அன்று அமலானது. உலகின் பல நாடுகளுக்கு முந்திய சட்டம்; அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ-வேட் தீர்ப்பே அடுத்த ஆண்டுதான் வந்தது. ஆனால் அதன் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும். பிரிவு 312ஐ அது நீக்கவில்லை. குறித்த வாரத்துக்குள், குறித்த காரணங்களுக்காக, பதிவு பெற்ற மருத்துவர் செய்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றது. அவ்வளவே. பூட்டு அப்படியே இருக்க, சாவி ஒன்று வெட்டி டாக்டர் கையில் கொடுத்தார்கள்.

அந்த 39 லட்சத்தின் பிற்காலக் கதையும் சொல்ல வேண்டும். 1994இல் ராமி சாப்ராவும் ஷீல் நுனாவும் எழுதிய நூலில் ஆண்டுக்கு 67 லட்சம் கருக்கலைப்புகள் என்று வந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் எல்லோரும் அதைச் சொன்னார்கள். அந்த எண்ணையும் பிரித்துப் பார்த்தேன். 39 லட்சத்தை 50 கோடியால் வகுத்து 86 கோடியால் பெருக்கினால் 67 லட்சம் வருகிறது. அவர்களின் மொத்தக் கணக்கான 1 கோடியே 12 லட்சமும் அதே விகிதத்தில் பொருந்துகிறது. ஷா குழுவின் சூத்திரமேதான். மக்கள்தொகையை மட்டும் புதுப்பித்திருக்கிறார்கள். ஆனால் 1966இல் ஆயிரத்துக்கு 38 என்று கொண்ட பிறப்பு விகிதம் 1991இல் 29.5க்கு இறங்கிவிட்டது. அந்த இறக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் அதே சூத்திரம் 52 லட்சம்தான் தரும். 15 லட்சம் பெண்கள் ஒரு பழைய பிறப்பு விகிதத்திலிருந்து முளைத்தவர்கள். கட்டுரைக்குக் கட்டுரை தாவியதில் அனுமானம் என்பது உதிர்ந்துபோய், எண் மட்டும் உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது.

எண்ணத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பது என்னை வியக்கவைக்கிறது. செம்பூர்-தேவ்னார் பகுதியில் 1956இல் தொடங்கிய மக்கள்தொகைப் பயிற்சி ஆய்வு மையம்தான் இன்றைய ஐஐபிஎஸ். அதன் ஆரம்ப கால இயக்குநர்களில் ஒருவர் சி. சந்திரசேகரன். மேலே சொன்ன சந்திரசேகரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1949இல் இவரும் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. ஒரே ஊரின் பிறப்பு இறப்புகளை இரண்டு பேர் தனித்தனியே பட்டியலிடட்டும். இரண்டு பட்டியலிலும் இருப்பவை எத்தனை, ஒன்றில் மட்டும் இருப்பவை எத்தனை என்று பார்த்தால், இரண்டிலும் விடுபட்டவை எத்தனை என்று மதிப்பிட்டுவிடலாம். கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அதைச் செய்து காட்டினார்கள். கண்ணில் படாததை எண்ணும் கலை. ஆனால் அதற்கும் அரைகுறையாகவாவது இரண்டு பட்டியல் வேண்டும். கருக்கலைப்புக்கு ஒன்றுகூட இருக்கவில்லை.

பட்டியல் கடைசியில் மருந்துக் கடையிலிருந்து வந்தது. மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு இந்தியாவில் 2002இல் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு கருவைக் கலைத்த பெண் யார் என்று தெரியாவிட்டாலும், விற்ற அட்டை எத்தனை என்று தெரிந்தது. தேவ்னார் ஐஐபிஎஸ், பாப்புலேஷன் கவுன்சில், அமெரிக்காவின் குட்மேக்கர் நிறுவனம் மூன்றும் சேர்ந்து, மருந்து விற்பனைக் கணக்கையும் ஆறு மாநிலங்களின் மருத்துவமனைக் கணக்கெடுப்பையும் வைத்து ஒரு மதிப்பீடு செய்தன. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் அது வந்தது. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம். கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நூற்றுக்குப் பதினைந்து என்று ஷா குழு ஊகித்தது இரண்டு மடங்காகியிருந்தது. இவற்றில் 73 சதவீதம் எந்த மருத்துவமனைக்கும் போகாமல், மாத்திரையால் நடந்தவை. அந்தக் காலகட்டத்தில் அரசுப் பதிவில் ஏறியவை ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம். அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு உண்டு. மகாராஷ்டிரா இல்லை.

மகாராஷ்டிராவில் இது வெறும் எண்ணாக முடிந்துவிடவில்லை. 1980களின் நடுவில் பம்பாயில் ஆம்னியோசென்டசிஸ் என்ற பனிக்குட நீர்ச் சோதனை செய்து பெண் சிசுவென்றால் கலைப்பது வெளிப்படையான தொழிலாக நடந்தது. சஞ்சீவ் குல்கர்னி 1986இல் செய்த ஆய்வில், பேசிய 50 மகப்பேறு மருத்துவர்களில் 42 பேர் அதைச் செய்துவந்தார்கள். பெண்கள் அமைப்புகள் மன்றம் அமைத்துத் தெருவில் இறங்கின. நாட்டிலேயே முதலாக 1988இல் மகாராஷ்டிரா அந்தச் சோதனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட்டது. 1994இல் மத்தியச் சட்டம் வந்தது. அன்று போராடியவர்கள் ஒரு கோட்டைக் கவனமாகக் கிழித்தார்கள்: பாலினம் பார்ப்பது குற்றம், கருக்கலைப்பு குற்றமல்ல. அந்தக் கோட்டை அழித்தது அமலாக்கம்.

2011 கணக்கெடுப்பில் மகாராஷ்டிராவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 894 பெண் குழந்தைகள். பீட் மாவட்டத்தில் 807. பத்தாண்டுக்கு முன் அதே மாவட்டத்தில் 894 இருந்தது. 2012 மே மாதம் பீட் மாவட்டம் பர்ளியில் ஒரு பெண் கருக்கலைப்பில் இறந்தார். மாநிலம் கொந்தளித்தது, கொந்தளிக்க வேண்டிய சாவுதான். ஆனால் அதன் பிறகு மாநில உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனைகள் கருக்கலைப்பு மாத்திரை விற்கும் கடைகள் மேல் பாய்ந்தன. இங்கே வாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். அன்றைய விதிப்படி அந்த மாத்திரை ஏழு வாரம் வரைக்கும். இன்றைக்கு ஒன்பது வாரம் வரைக்கும். ஸ்கேனில் பாலினம் தெரிய ஏறக்குறைய பன்னிரண்டு, பதிமூன்று வாரமாவது ஆக வேண்டும். மாத்திரை வாங்குகிறவளுக்குத் தன் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்கவே முடியாது. பெண் சிசுவைக் காப்பதாகச் சொல்லி, அதோடு சம்பந்தமே இல்லாத பெண்ணின் கையிலிருந்து பாதுகாப்பான வழியைப் பிடுங்கினார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்த நிர்வாகத்தின் தலைமை அலுவலகம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கிறது. மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி. தாராவியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில், டாக்டர் சீட்டு இருந்தால் அந்த மாத்திரை கிடைக்குமா என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி தலை நிமிராமலே சொன்னார்: “வைக்கறதே இல்லக்கா. ஒரு அட்டை வித்துட்டு அதுக்கு யாரு கணக்கு சொல்றது? சயானுக்குப் போகச் சொல்லுங்க.” சீட்டோடு விற்றால் சட்டப்படி சரிதானே என்றேன். “சட்டம் உங்களுக்குத் தெரியுது. வர்றவனுக்குத் தெரியணுமே” என்றபடி அடுத்த ஆளுக்கு இருமல் மருந்தை எடுத்தார். ஆதெம்மா காலத்தில் போலீஸிடம் இல்லாத கண்ணும் காதும் இப்போது கடைக்காரரின் பயத்தில் குடியிருக்கின்றன.

சயானுக்கோ வேறெங்கோ போகிறவள் என்ன சந்திப்பாள் என்பது அவள் யார் என்பதைப் பொறுத்தது. பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று 1971 கருக்கலைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்ற குரலைக் கேட்காமல் வந்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. பதினெட்டுக்குக் கீழே என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திருமணமாகாத பெண்ணுக்கும் 2021 திருத்தத்தின் 24 வார வரம்பு பொருந்தும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

நீதிமன்றங்களில் பம்பாய்க்கு ஒரு தனித்த இடம் உண்டு. 2008இல் டாக்டர் நிகில் தாதரும் ஒரு தம்பதியும், சிசுவின் இதயக் கோளாறைக் காட்டி, 20 வார வரம்பைத் தாண்டி அனுமதி கேட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. வரம்பு திருந்தப் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. 2021 திருத்தம் சில பிரிவினருக்கு 24 வாரம் என்றும், கடுமையான சிசுக் கோளாறுக்கு மருத்துவக் குழு தீர்மானித்தால் வரம்பே இல்லை என்றும் ஆக்கியது. இடையில் 2016இல், பைகுல்லா சிறையில் கர்ப்பமாக இருந்த ஒரு கைதியின் நிலையைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட அதே உயர் நீதிமன்றம், நீதிபதிகள் தஹில்ரமணி, மிருதுளா பாட்கர் அமர்வில், கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது பெண்ணின் முடிவு, சிறைச் சுவர் அதைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நூற்று முப்பது ஆண்டுக்கு முன் ஒரு மாதக் கர்ப்பத்தின் மேல் கடமையை ஏற்றிய தீர்ப்பையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

ஆனால் 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சம்ஹிதை வந்தபோது, பிரிவு 312 பிரிவு 88 ஆனது. மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு, தானே கலைத்துக்கொண்ட பெண்ணையும் சேர்க்கும் விளக்கக் குறிப்பு, எல்லாம் எண் மாறி அப்படியே வந்து சேர்ந்தன. 1 கோடியே 56 லட்சத்தில் 73 சதவீதம் என்றால் 1 கோடியே 14 லட்சம் பெண்கள். மாத்திரையை வீட்டில் விழுங்கிய அவர்களில் டாக்டர் சீட்டு இல்லாத ஒவ்வொருவரும் இந்தப் பிரிவின் எழுத்துப்படி தண்டனைக்குரியவர்கள்.

ஆகவே நான் இப்போது எண்ண முனைவது பெண்களை அல்ல. மாநில உணவு மருந்து நிர்வாகத்துக்கு எழுதியிருக்கும் தகவல் உரிமை மனுவில் ஒரு பெண்ணின் பெயரையும் கேட்கவில்லை. 2012 முதல் இன்றுவரை மும்பையில் இந்த ஒரு மாத்திரைக்காக எத்தனை மருந்துக் கடைகளில் சோதனை நடந்தது, எத்தனை உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது, அவற்றில் பாலினத் தேர்வு நடந்ததாக நிரூபணமான வழக்கு எத்தனை, தாராவியும் செம்பூரும் அடங்கிய வார்டுகளில் இன்றைக்கு அந்த மாத்திரையை வைத்திருக்கும் கடைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறேன்.